எஸ்பெரான்சாவும் கொள்ளுப்பாட்டியின் ஜன்னலும்

[காட்சி: சாத்திய ஜன்னல். அதன் விளிம்பில் ஊன்றிய ஒரு முழங்கை.]

ஸ்பானிய மொழியில் 'எஸ்பெரார்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. நம்பிக்கை வைப்பதும் அதுதான், காத்திருப்பதும் அதுதான். அந்த வேரில் பிறந்த பெயர் எஸ்பெரான்சா. சாண்ட்ரா சிஸ்னெரோஸின் 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்' நாவலில் (1984) கதை சொல்லும் சிறுமியின் பெயர் இது. அவள் ஒரு சிகானா. மெக்சிகோ வம்சாவளியில் வந்த அமெரிக்கப் பெண். வாழ்வது சிகாகோவில்.

பெயர் கொள்ளுப்பாட்டியுடையது. கட்டுக்கடங்காத குதிரைபோல் இருந்தவள், கல்யாணமே வேண்டாம் என்றவள். கொள்ளுத்தாத்தா அவள் தலையில் சாக்கைப் போட்டு மூடித் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு ஆயுள் முழுக்க அவள் ஜன்னலோரம்தான். பெயரை வாங்கிக்கொண்ட சிறுமி, அந்த ஜன்னலோர இடம் மட்டும் தனக்கு வேண்டாம் என்கிறாள்.

[காட்சி: மாடி ஜன்னலிலிருந்து கயிறு இறங்குகிறது.]

ஆனால் தெருவில் எங்கு திரும்பினாலும் அதே ஜன்னல். ரஃபேலா அழகி, ஓடிவிடுவாளோ என்று பயந்து கணவன் அவளை உள்ளே வைத்துப் பூட்டுகிறான். செவ்வாய்தோறும் அவன் டொமினோ ஆடப் போனதும் மேலிருந்து காசைப் போடுகிறாள். பிள்ளைகள் வாங்கிவரும் தேங்காய்ச் சாற்றையோ பப்பாளிச் சாற்றையோ கயிற்றில் மேலே இழுத்துக்கொள்கிறாள். அடிக்கும் அப்பாவிடமிருந்து தப்ப, எட்டாம் வகுப்புக்கு முன்பே மணந்துகொண்ட சாலிக்கு இதுவும் இல்லை. ஜன்னல் வழியே பார்க்கவும் கணவன் விடுவதில்லை.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் பெண் என்றால் யார் என்பது எஸ்பெரான்சாவின் மனதில் படிகிறது. மெக்சிகோ மரபின் அளவுகோல்களும் கடுமையானவை. ஒரு முனையில் தூய்மையின் உருவாக வணங்கப்படும் குவாதலூப்பே மாதா. மறுமுனையில், மெக்சிகோவைக் கைப்பற்றிய ஸ்பானியப் படைத்தலைவன் கோர்ட்டேஸுக்கு மொழிபெயர்த்ததால் துரோகி என்று தூற்றப்பட்ட பூர்வகுடிப் பெண் மலின்சே. நடுவில் ஒரு சாதாரணப் பெண்பிள்ளை எங்கே நிற்பாள்?

[காட்சி: சாப்பாட்டு மேசை. இழுத்தபடி கிடக்கும் நாற்காலி.]

என்னை மிகவும் உலுக்கிய கலகம் இங்கே நடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் எஸ்பெரான்சா ஆண்பிள்ளையைப்போல் எழுந்துபோகிறாள். நாற்காலியை உள்ளே தள்ளவில்லை, தட்டை எடுக்கவில்லை. அவ்வளவுதான். அந்த வயதில், அந்த வீட்டில், அது பெரிய போர்.

அந்தத் தட்டை யார் எடுத்திருப்பார்கள்? நாவல் சொல்லவில்லை. எனக்கு அவளுடைய அம்மாதான் நினைவுக்கு வருகிறாள். நல்ல உடை இல்லையே என்ற வெட்கத்தில் பள்ளியை விட்டுவிட்டு, இன்னும் அதை நினைத்து நொந்துகொள்கிறவள். மகளைப் படி, படி என்று உந்துகிறவளும் அவள்தான்.

நாவலின் இறுதிப் பகுதியில் முதிய சகோதரிகள் மூவர் வருகிறார்கள். ஒருத்தி எஸ்பெரான்சாவைத் தனியே அழைத்துச் சொல்கிறாள்: நீ இங்கிருந்து போவாய், போக முடியாதவர்களுக்காகத் திரும்பி வரவேண்டும்.