பரங்கி பருக்கட்டும், பிளக்க வேண்டாம்

வணக்கம் நேயர்களே. பரங்கிக்காயைப் பற்றிப் பத்து நிமிடம் பேச என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குப் பத்து நிமிடம் போதாதே என்பதுதான் கவலை.

2025 அக்டோபரில் இங்கிலாந்தில் இரட்டைச் சகோதரர்கள் இருவர் விளைவித்த பரங்கி 1278 கிலோ. உலக சாதனை. அது அட்லாண்டிக் ஜெயன்ட் என்ற ரகம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்டு டில் என்ற விவசாயி உருவாக்கியது. குளிர்ந்த ஊருக்குத்தான் அது சரி. நம்ம ராமநாதபுரம் வெயிலில் பூவே உதிர்ந்துவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் 7, 8 கிலோ வரும். கொடிக்கு ஒரே காய் விட்டு, அதை இருமடங்காக்கினால் நமக்கு அதுவே ராட்சசக் காய்.

பருக்க வைப்பது பெரிய வித்தை இல்லை. பிளக்காமல் காப்பதுதான் வித்தை. உச்சிப்புளிப் பக்கம் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் ஒற்றைக் காயை வளர்த்தார். மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து குடம் குடமாக மொண்டு ஊற்றி, இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் அளவுக்கு ஆக்கிவிட்டார். வழியில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். அப்புறம் மதுரையில் ஒரு கல்யாணம். ஒரு வாரம் தண்ணீர் இல்லை. திரும்பி வந்தவர் மனசு கேட்காமல் ஒரே மூச்சில் ஊற்றித் தள்ளினார். போதாக்குறைக்கு அன்று ராத்திரி ஐப்பசி மழை.

விடிந்து பார்த்தால் காம்பிலிருந்து பாதிக்காய் வரை வெடிப்பு. கையை நுழைக்கலாம். உள்ளே விதை தெரிகிறது, எறும்பு வரிசை கட்டிவிட்டது. மாமா கண் திருஷ்டி என்றார். திருஷ்டி கழிக்க நாம் பூசணியை உடைப்போம், சரி. பரங்கிக்கே திருஷ்டி பட்டால் எதை உடைப்பது? அத்தை பேசாமல் அரிவாள்மனையை எடுத்து வந்துவிட்டார். அன்று அந்தத் தெரு முழுக்கப் பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு.

திருஷ்டியெல்லாம் இல்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் காயின் தோல் இறுகிவிடும். திடீரென்று தண்ணீர் கிடைத்தால் சதை உப்பும், இறுகிய தோலோ நீளாது. வெளிநாட்டுப் போட்டிகளிலும் இதே கதைதான். வெடிப்பு உள்கூடு வரை போய்விட்டால் எவ்வளவு எடை இருந்தாலும் காயைத் தள்ளிவிடுவார்கள். அதனால் சொல்கிறேன், தினமும் அளவாக, ஒரே சீராகத் தண்ணீர். மேலே பனையோலை சாய்த்து நிழல் கொடுத்தால் தோல் சீக்கிரம் இறுகாது.

அதற்காக மோட்டார் போட்டுவிடாதீர்கள். நம்ம கடற்கரையில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் மிதக்கிறது. வேகமாக உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறும். இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் ஆனால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். ஊற்றில் காலையும் மாலையும் கொஞ்சமாக மொள்ளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஒரே சீராக.

காய்க்கு அடியில் காய்ந்த மணல் பரப்புங்கள், அழுகாது. மணலுக்கா நமக்குப் பஞ்சம்? காய் பருக்கும்போது அதன் தோள், அதாவது காம்பைச் சுற்றியுள்ள மேடு, கொடியை நெம்பும், காம்பு கிழியும். அதனால் காய் பிஞ்சாக இருக்கும்போதே தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, காம்பு கொடிக்குக் குறுக்கே நிற்கும்படி செய்துவிடுங்கள். பக்கத்துக் கணுக்களில் மண்ணில் இறங்கிய வேரையும் எடுத்துவிட்டால் கொடி தாராளமாக எழும்பும்.

நிலையத் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார். விதை எடுப்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: தேனீ வேறு ரகத்து மகரந்தத்தைக் கொண்டுவராமல் இருக்க, நாளை விரியப்போகும் ஆண் பூவையும் பெண் பூவையும் முந்தின மாலையே நூலால் கட்டுங்கள். அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ. விடியற்காலையில் ஆண் பூவின் இதழை உரித்து, பெண் பூவுக்குள் தொட்டுவிட்டு, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். காய் நன்றாக முற்றிய பிறகு விதையைக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பழ ஈ பற்றிச் சொல்ல நேரமில்லை, பிஞ்சைக் காகிதத்தால் மூடுங்கள், அவ்வளவுதான். வணக்கம்.