மூணு பந்து டப்பா யாருக்கு, யாருக்கு வேணாம்

வணக்கம். வேலூர்ல நுரையீரல் பயிற்சின்னு கேட்டாலே, குழாய்ல காத்த இழுத்து பந்தைத் தூக்குற மூணு பந்து டப்பாதான் பேச்சு. கிட்ட காட்டுறேன், பாருங்க. 600, 900, 1200ன்னு போட்டிருக்கா? செகண்டுக்கு எத்தனை மில்லி காத்து இழுக்கிறீங்கன்னு அர்த்தம். ஆபரேஷன் ஆனவங்களுக்கு நல்லது. சிஓபிடி-ன்னு சொல்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்கு இது மெயின் இல்ல. அவங்களுக்கு உள்ள போன காத்து முழுசா வெளிய வராது, தேங்கி நெஞ்சு உப்பிக்கும். அதுக்கு மேல இழுத்தா முட்டத்தானே செய்யும்? சில பேர் இதுல ஊதவே ஊதுறாங்க. பந்து அசையவே அசையாது.

சிஓபிடி இருக்கிறவங்களுக்குக் காசே வேணாம், உதட்டக் குவிங்க. மூக்கால ரெண்டு எண்ணி இழுங்க, நாலு எண்ணி மெதுவா விடுங்க. கன்னம் உப்பக்கூடாது. வேகமா தள்ளினா உள்ள இருக்கிற சின்னக் குழாய்ங்க அமுங்கி, காத்து இன்னும் மாட்டிக்கும்.

நடக்கும்போதும் அதேதான்: ரெண்டு அடிக்கு இழுக்கிறது, நாலு அடிக்கு விடுறது. கோட்டைப் பக்கம் போறவங்க வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க, நம்ம ஊரு வெயில் தெரியுமே. மொதல்ல அஞ்சு நிமிஷம் நடந்து உக்காருங்க, மறுபடி நடங்க. இப்படியே இருபது, முப்பது நிமிஷத்துக்குக் கொண்டு வாங்க. லேசா மூச்சு வாங்கலாம், ஆனா பேச முடியணும். ரத்தினகிரி மாதிரி படி ஏறணும்னா நின்னு இழுங்க, ஊதிக்கிட்டே ஏறுங்க. விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்குற ஆக்சிமீட்டர்ல 88-க்குக் கீழ போனா நிறுத்திடுங்க. டாக்டர் உங்களுக்குன்னு வேற நம்பர் சொல்லியிருந்தா அதுதான் கணக்கு. நெயில் பாலிஷ் இருந்தாலும் விரல் சில்லுன்னு இருந்தாலும் தப்பாக் காட்டும்.

அடுத்து ஸ்பேசர், அதாவது இன்ஹேலர்ல மாட்டுற பிளாஸ்டிக் குழாய். இன்ஹேலர நல்லா குலுக்கி மாட்டுங்க. மூச்ச வெளிய விட்டுட்டு வாயில வெச்சு ஒரே அழுத்து. அஞ்சு எண்ணி மெதுவா இழுத்து, பத்து எண்ணுற வரைக்கும் மூச்சப் பிடிச்சு வெச்சுக்குங்க. விசில் சத்தம் வந்தா வேகமா இழுக்கிறீங்கன்னு அர்த்தம். ரெண்டு பஃப்பையும் சேத்து அடிக்காதீங்க, மருந்து நிறைய ஸ்பேசர் உள்பக்கமே ஒட்டிக்கும். அரை நிமிஷமாவது விட்டு அடுத்தது. கேப்சூல் போடுற ரோட்டாஹேலர் இதுக்கு நேர் எதிர்: வேகமா, ஆழமா இழுக்கணும். அதுக்குள்ள ஊதிடாதீங்க, ஈரம் பட்டா பொடி கட்டிக்கும். ஸ்டீராய்டு மருந்துன்னா வாய் கொப்பளிச்சுத் துப்புங்க, இல்லன்னா நாக்குல வெள்ளையாப் படியும்.

ஸ்பேசர வாரம் ஒருக்கா, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ரெண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணியில முக்கி எடுங்க. துணியால தொடைக்கவே தொடைக்காதீங்க. பிளாஸ்டிக்ல கரண்ட் மாதிரி ஏறி மருந்த இழுத்து வெச்சுக்கும். கவுத்து வெச்சுடுங்க, தானா காயட்டும்.