கிரெட்ச் 6120: மறுவெளியீட்டின் பக்கம் நின்று

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ஹாலோபாடி கிட்டாரின், அதாவது உடலின் உட்புறம் கூடாக இருக்கும் மின்கிட்டாரின், மெய்யான ஒலி 1950-களின் அசலில் இருக்கிறதா, அதே மாதிரியைப் பின்பற்றிப் பின்னாளில் வந்த மறுவெளியீட்டில் இருக்கிறதா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று காரணங்களை அடுக்கினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலர்ந்த மரம் பாடுவதுபோல் புது மரம் பாடாது என்றார். அசல் பிறந்த நியூயார்க்கின் புரூக்ளின் தொழிலாளிகளின் கைவேலை இனி வராது என்றார். ஜப்பானில் செய்தது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நகல்தான் என்றார். அவர் உருகி உருகிப் போற்றிய, அமெரிக்க கிரெட்ச் நிறுவனத்தின் 6120 கிட்டாரையே எடுத்துக்கொண்டு மூன்றையும் பார்த்துவிடுகிறேன்.

முதலில் மரம். அவர் வயலினைப் பற்றிப் பேசியிருந்தாலோ, கெட்டியான ஸ்ப்ரூஸ் மரத்தைச் செதுக்கி மேற்பலகை செய்த கிட்டாரைப் பற்றிப் பேசியிருந்தாலோ நான் யோசித்திருப்பேன். 6120-இன் உடல் அப்படிப்பட்டதல்ல. மெல்லிய மேப்பிள் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு, அச்சில் வைத்து அழுத்தி வளைத்த பலகை அது. நம் தச்சர்கள் பிளைவுட் என்கிறார்களே, அதே வகை. 1949-இல் வந்த கிப்சன் இஎஸ்-175-உம் அப்படித்தான். 1961-இல் வந்த எபிஃபோன் கேசினோவும் அப்படித்தான். இதில் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. உள்ளே கூடான கிட்டாரை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், ஸ்பீக்கரின் ஒலி மேற்பலகையை அதிரவைக்கும். அந்த அதிர்வு, தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப் வழியாக மீண்டும் ஸ்பீக்கருக்குப் போகும். சுற்று முடிவதற்குள் கிட்டார் ஊளையிடத் தொடங்கிவிடும். ஒட்டுப்பலகை விறைப்பானது, எளிதில் அதிராது. பலகை மட்டுமீறி அதிர்ந்துவிடக் கூடாது என்ற தேவைக்குப் பொருந்திய பலகையைப் பிடித்துக்கொண்டு, அது முதுமையில் பாடுகிறது என்று வாதாடுவது எப்படி, நடுவர் அவர்களே?

அடுத்து, 'அசல்', 'அசல்' என்று சொல்கிறார்களே, எந்த ஆண்டின் அசல்? இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1954-இல் கிரெட்ச் நிறுவனத்தின் ஜிம்மி வெப்ஸ்டர், நாஷ்வில்லின் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸைத் தேடிப் போய், அவர் பெயரில் ஒரு கிட்டார் செய்ய இசைவு பெற்றார். அப்படிப் பிறந்ததுதான் 6120. ஆரஞ்சு நிறம், கள்ளிச்செடிப் பொறிப்பு, மாட்டுக்குச் சூடு போட்டதுபோல் மேற்பலகையில் ஒரு 'ஜி' முத்திரை. இந்தக் கௌபாய் அலங்காரத்தை அட்கின்ஸ் விரும்பவில்லை. அவரது பெரிய குறை பிக்கப்பைப் பற்றியது. அதிலிருந்த டிஆர்மண்ட் டைனாசோனிக் பிக்கப்பின் வலுவான காந்தம் தந்தியைத் தன் பக்கம் இழுத்தது; சுரம் நீண்டு நிற்காமல் மடிந்தது. கூடவே மின் இரைச்சல் வேறு. இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ ஊரைச் சேர்ந்த ரே பட்ஸ் என்ற தொழில்நுட்பக்காரரிடம் அவர் இதைச் சொன்னார். ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழிக்கும்படி இரண்டு கம்பிச்சுருள்களை அமைத்து ரே பட்ஸ் உருவாக்கியதுதான் ஃபில்டர்ட்ரான். 1958 வாக்கில் அது 6120-இல் ஏறியது. அதே காலத்தில் மேற்பலகையையும் பின்பலகையையும் உள்ளுக்குள் இணைக்கும் டிரெசில் தாங்கிகளும் வந்தன. ஊளை இன்னும் அடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் உருவமே மாறிவிட்டது. கழுத்தை ஒட்டி உடலின் இரண்டு பக்கமும் வெட்டு, மெலிந்த உடல், திறந்த ஒலித்துளை இருந்த இடத்தில் பெயிண்டால் வரைந்த துளை!

ஆக, தன் பெயர் பொறித்த முதல் அசலில் நிறைவு காணாமல் அதை மாற்றச் சொன்னவர் செட் அட்கின்ஸ். எதிரணி எதைக் காப்பாற்ற வந்திருக்கிறது? அவர் குறை சொன்ன 1955-ஆம் ஆண்டுக் கிட்டாரையா, அவர் கேட்டு வாங்கிய 1959-ஆம் ஆண்டுக் கிட்டாரையா?

நகல் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1967-இல் கிரெட்ச் குடும்பம் நிறுவனத்தை பால்ட்வின் பியானோ நிறுவனத்திடம் விற்றது. பிறகு உற்பத்தி புரூக்ளினை விட்டு ஆர்கன்சா மாநிலத்துக்குப் போனது. உரிமையும் பெயரும் அறுபடாமல் வந்த அந்தக் கிட்டார்கள் 1950-களின் 6120-ஐ விட்டு வெகுதூரம் விலகிப்போயின. 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியே நின்றது. நிறுவியவரின் கொள்ளுப்பேரன் ஃபிரெட் கிரெட்ச் நிறுவனத்தை மீட்ட பிறகு, 1989-இல் ஜப்பானின் டெராடா தொழிற்சாலையிலிருந்து மறுவெளியீடுகள் வரத் தொடங்கின.

அந்த முதல் தொகுதி குறையற்றது என்று நான் சொல்லமாட்டேன். 1990-களின் பிக்கப்புகள் பழைய ஃபில்டர்ட்ரானைப்போல் ஒலிக்கவில்லை. உள்ளிருக்கும் தாங்கிகளும் 1959-இன் அமைப்பில் இல்லை. எதிரணி அவற்றைச் சாடினால் நானும் உடன்படுவேன். ஆனால் கதை அங்கேயே நின்றுவிட்டதுபோல் பேசுவது நேர்மையாகாது. 6120-ஐ வாசித்துப் புகழ்பெற்ற ராக்கபில்லி கலைஞர் பிரையன் செட்சரின் கிட்டார்களைப் பழுதுபார்த்து வந்த டி.வி. ஜோன்ஸ், பழைய ஃபில்டர்ட்ரானைப் பிரித்து ஆராய்ந்து அதே குணத்தில் பிக்கப் செய்தார். அதை கிரெட்ச் நிறுவனமே தன் கிட்டார்களில் பொருத்தியது. 2002-இல் ஃபெண்டர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்ட பின் டிரெசில் தாங்கிகளும் பழைய அளவுகளும் திரும்பி வந்தன. அசலை இவ்வளவு கவனமாகப் படித்தவர்களை நகலெடுப்பவர்கள் என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புரூக்ளின் கைவேலையை நான் மதிக்கிறேன். அந்தக் கைவேலை இன்று எந்த நிலையில் இருக்கிறது? உடலின் விளிம்பைச் சுற்றி ஒட்டிய செல்லுலாய்டு பைண்டிங் காலப்போக்கில் தானாகவே சிதைகிறது. சுருங்குகிறது, வெடிக்கிறது, பொடியாய் உதிர்கிறது. அதிலிருந்து கசியும் அமில ஆவி பக்கத்து உலோகத்தையும் அரிக்கிறது. உடலோடு கழுத்து சேரும் மூட்டு தளர்வது பழைய கிரெட்ச்களில் பழுதுபார்ப்பவர்கள் ஓயாமல் பார்க்கும் நோய். பைண்டிங்கை மாற்றி, கழுத்தைக் கழற்றி மீண்டும் பொருத்தி, விரல்பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகளைப் புதிதாக அடித்த பிறகுதான் பல அசல்கள் வாசிக்கும் நிலைக்கு வருகின்றன. வெளிநாட்டு மேடைக்கு எடுத்துச் செல்வதும் எளிதன்று. பிரேசில் ரோஸ்வுட் மரம் 1992-இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கடுமையான பட்டியலில் சேர்ந்துவிட்டது. அந்த மரத்தில் விரல்பலகை உள்ள கிட்டார் எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும்.

இந்தக் கிட்டாரின் புகழுக்குக் காரணமானவர்கள் அதை எப்படி நடத்தினார்கள் என்பதையும் பாருங்கள். 1950-களின் ராக் அண்டு ரோல் பாடகர் எடி காக்ரன் தன் 6120-இன் கழுத்துப் பக்கத்து பிக்கப்பைக் கழற்றிவிட்டு, போட்டி நிறுவனமான கிப்சனின் பி-90 பிக்கப்பைப் பொருத்தினார். செட்சர் இளவயதில் நூறு டாலருக்கு வாங்கிய 1959-ஆம் ஆண்டுக் கிட்டாரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ்களுக்குப் பதில் தாயக்கட்டைகளை மாட்டினார். அப்போது அது யாரும் சீந்தாத பழைய கிட்டார். அதனால்தான் காசில்லாத ஓர் இளைஞனின் கைக்கு வந்தது. இன்று அதே ஆண்டின் 6120 அப்படிப்பட்ட இளைஞனுக்குக் கிடைக்குமா? சேகரிப்பாளர்கள் ஏற்றிய விலை அவனைக் கடை வாசலிலேயே நிறுத்திவிடும். அவன் கைக்கு எட்டுகிற 6120 மறுவெளியீடுதான். அதனால்தான் நான் இந்த அணியில் நிற்கிறேன். செட்சரே தன் பெயர் தாங்கிய புதிய கிரெட்ச்களை மேடையில் முழங்கவிட்டிருக்கிறார்.

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வி. கிட்டார் கலைஞர் டுவேன் எடி 1957-இல் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஒரு 6120 வாங்கினார். 1958-இல் அதன் தாழ்ந்த தந்திகளில் அவர் மீட்டிய மெட்டுகளைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே கிட்டாரைத் தொட்டது. அன்று அந்தக் கிட்டாருக்கு வயது ஒன்று. உலர்ந்து பாடும் பழைய மரம் அந்த ஒலியில் எங்கே இருந்தது என்று அவர் இந்த மேடையில் சொல்லட்டும்.