கையெழுத்துக்கு முன் ஒரு வாசிப்பு

(மும்பையில் தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இடமும் மைக்கும் தந்து உதவிய கோயில் கமிட்டிப் பெரியவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, நம் அழைப்பை மதித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மராத்திப் பள்ளி ஆசிரியர்களே, நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்தும் லேபர் கேம்ப்பிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய பெரியவர் கல்வியின் பெருமையை நிறைவாகச் சொல்லிவிட்டார். மேடையில் வீற்றிருப்பவர்களில் யாரையாவது குறிப்பிடாமல் விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். பள்ளிக் கமிட்டி ஒன்று, பள்ளிக்கு வரும் பணம் ஒன்று, வாசிப்பு வகுப்பு ஒன்று. அதற்கு முன் ஒரு பழமொழி: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இன்று இதைப் பலமுறை சொல்வேன்.

ஊர் சேர்ந்து பள்ளியைத் தூக்கி நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1950களின் பிற்பகுதியில், கல்வித்துறையை நடத்திய நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். கட்டடம், நிலம், பெஞ்சு, கரும்பலகை என்று முடிந்தவர் முடிந்ததைக் கொடுத்தார்கள். அந்தக் குணம் நம்மிடம் இன்றும் இருக்கிறது. மின்விசிறி கேட்டால் வாங்கித் தருகிறோம், நோட்டுப் புத்தகம் கேட்டால் தருகிறோம். ஆனால் கமிட்டிக் கூட்டத்துக்கு வாருங்கள் என்றால் வருவதில்லை. வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவு. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும், மாநகராட்சிப் பள்ளி உட்பட, பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். தலைவர் பெற்றோரிலிருந்து வருவார், தலைமையாசிரியர் செயலாளராக இருப்பார். மாதம் ஒரு கூட்டம். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வந்த பணம் எதற்குப் போனது என்று பார்ப்பதும், அடுத்து என்ன வேண்டும் என்று திட்டம் போடுவதும் இந்தக் குழுவின் வேலை. இது யாரும் நமக்குச் செய்யும் உபகாரம் அல்ல, சட்டம்.

இந்த அதிகாரம் எங்கே கைநழுவுகிறது? கூட்ட நடவடிக்கைகளை எழுதும் பேரேட்டில். மராத்தியில் அதற்கு இதிவிருத்தம் என்று பெயர். அதில் எழுதியதுதான் நடந்தது. எழுதாதது நடக்கவே இல்லை.

ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள்: கீழே மராத்தி, நடுவில் இந்தி, மேலே தமிழ். மேல்மாடிப் பெண்கள் கழிவறையில் மதியத்துக்கு மேல் தண்ணீர் இல்லை. ஆறாம் வகுப்புப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவது? கொண்டுபோன பாட்டில் அப்படியே நிரம்பி வீடு திரும்பும். பாட்டிலைக் கழுவ எடுத்தபோதுதான் ஓர் அம்மா இதைக் கண்டுபிடித்தார்.

அவர் குழு உறுப்பினர். இட்லிக் கடை நடத்துகிறவர். மராத்தி பேசுவார், வாசிக்கத் தெரியாது. கூட்டம் முடியும் நேரம் பேரேடு கைக்கு வந்தது. மகள் பையோடு வாசலில் காத்து நிற்கிறாள். பள்ளியில் மராத்தி படிக்கிற பிள்ளை. “ஏட்டி, இங்க வா. இதுல என்ன எழுதிருக்குன்னு வாசி” என்றார். பிள்ளை விரல் வைத்து வாசித்தாள்: “ஷௌசாலயாச்சி துருஸ்தி பூர்ண ஜாலீ.” பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். “யம்மா, கக்கூஸு ரிப்பேர் முடிஞ்சிட்டுன்னு எழுதியிருக்கும்மா.”

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். யாரையும் திட்டவில்லை. “வாங்க, எல்லாரும் மேல போய்ப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடுவோம்” என்றார். தலைமையாசிரியை உட்பட ஒன்பது பேர் மாடியேறினார்கள். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. யாரும் பொய் எழுதவில்லை, அதையும் சொல்லவேண்டும். கீழ்த்தளத்தில் பழுது பார்த்தது உண்மை. அந்தத் தகவலை மூன்று பள்ளிக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டு எழுதிவிட்டார்கள். கட்டடம் பொதுவாக இருக்கும் இடத்தில் இதுதான் அடிக்கடி நேரும் கோளாறு.

அன்றே வரியைத் திருத்தி எழுதினார்கள்: மேல்தளம், பெண்கள் பகுதி, நான்கு அறைகள், தண்ணீர் இல்லை, பார்வையிட்ட தேதி. இரண்டு பிரதி மனு. தாதரில் இருக்கும் மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டு அலுவலகத்தில், வரும் போகும் கடிதங்களைப் பதியும் ஆவக்-ஜாவக் மேசையில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் எண்ணும் வாங்கினார்கள். முத்திரை இல்லாத மனு வெறும் காகிதம், அதை மறக்காதீர்கள். பதினைந்து நாளில் நினைவூட்டல், அதிலே பழைய எண். மறுபடியும் ஒன்று. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நான்காவது முறை ஆள் வந்தார்.

கோளாறு என்ன தெரியுமா? மொட்டைமாடியில் இரண்டு டாங்க், இரண்டுக்கும் ஒரே மோட்டார். மேல்தளத்துக்கு ஊட்டும் டாங்கில் மிதவை வால்வு துருப்பிடித்து, பெரும்பாலும் மூடிய நிலையிலேயே இறுகியிருந்தது. கொஞ்சம் தண்ணீர்தான் ஏறும், அது மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மோட்டார் போட்டால் பக்கத்து டாங்க் நிரம்பி வழியும். வழிவதைப் பார்த்து, “நிறைந்துவிட்டது” என்று மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். கழிவறைக் குழாய்களைப் பல முறை மாற்றியும் தண்ணீர் வராததற்குக் காரணம் அதுதான். சில நூறு ரூபாய் வால்வு. மேலே ஏறி இரண்டு டாங்க் மூடியையும் திறந்து பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

ஆகவே மாதக் கூட்டத்துக்கு முன் இரண்டு தாய்மார்கள் பள்ளியைச் சுற்றிப் பாருங்கள். காலையில் போகாதீர்கள், காலையில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும். மதிய ஷிப்ட்டில், இடைவேளை முடிந்த பிறகு போங்கள். 40 பெண்களுக்கு ஒரு கழிவறையாவது இருக்கிறதா, அத்தனையும் திறந்திருக்கிறதா, இல்லை ஒன்றைப் பூட்டித் துடைப்பம் வைத்திருக்கிறார்களா? தாழ்ப்பாள் உள்ளிருந்து விழுகிறதா? மூடி போட்ட குப்பைத்தொட்டி உள்ளே இருக்கிறதா? தொட்டி இல்லாவிட்டால் நாப்கின் குழிக்குள் போகும், அடைப்பு வரும், அறையைப் பூட்டிவிடுவார்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், தேங்கினால் எழுதுங்கள். கட்டடம் பொதுவானால் மூன்று பள்ளிக் குழுக்களும் ஒரே நாளில் சேர்ந்து பாருங்கள். மராத்திப் பள்ளி ஆசிரியர்களை இன்று அழைத்ததே இதற்காகத்தான். அவர்களுக்கு நம் நன்றி.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக்கல்வித் திட்டத்தில் பள்ளிக்கு ஆண்டு மானியம் உண்டு. 100-க்கு மேல் 250 வரை பிள்ளைகள் இருந்தால் 50,000 ரூபாய், 250-க்கு மேல் 1,000 வரை 75,000. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்குப் போக வேண்டும். 50,000-த்தில் 5,000. அது பினாயிலுக்கும் பிரஷ்ஷுக்கும் தாழ்ப்பாளுக்கும் போனதா என்று ரசீதைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், 30 நாளில் பதில். தமிழில் எழுதினால் ஏற்க மாட்டார்கள், மராத்தியில் எழுதுங்கள். கணக்கில் இன்னும் நிறைய உண்டு, ஆனால் நான் மறுபடி பேரேட்டுக்கே வருகிறேன். ரசீதைக் கேட்டோம் என்பதும் அங்கே பதிந்தால்தான் நிற்கும்.

என் கோரிக்கை ஒன்றுதான். தமிழ்ப் பெற்றோர் இருக்கும் ஒவ்வொரு குழுவிலும், கையெழுத்துக்கு முன் பேரேட்டைத் தமிழில் உரக்க வாசிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. வாசிக்க ஆள் நம் வீட்டிலேயே இருக்கிறது: பத்தாம் வகுப்பு வரை இங்கே மராத்தி கட்டாயம். ஒப்புக்கொள்ளாத வரி இருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போகாதீர்கள், கையெழுத்துப் போடாமலும் விடாதீர்கள். கையெழுத்துக்கு மேல் தமிழிலேயே “இந்த வரிக்கு எனக்குச் சம்மதம் இல்லை” என்று எழுதிவிட்டுப் போடுங்கள். பேரேடு முடிந்ததும் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் முகம் சுளிப்பார்கள், இரண்டாம் மாதம் அவசரப்படுத்துவார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

வாசிப்பு வகுப்பைப் பற்றிப் பேச நேரம் இல்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னும் இரண்டு பெரியோர் பேச வேண்டும். வாசலருகே மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. குழுவில் இருக்கும் தாய்மார்கள் பள்ளியின் பெயரையும் அடுத்த கூட்டத் தேதியையும் எழுதுங்கள். மராத்தி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டவர்கள் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். யாருக்கு ஆள் வேண்டுமோ அவர்களோடு பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறோம். பேனா கட்டி வைத்திருக்கிறது. வணக்கம்.