பத்தாம் வகுப்பிலேயே மூடும் கதவு

வணக்கம் நேயர்களே. மேற்படிப்பு என்றதும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் முதலில் எழும் கேள்வி, ‘காசுக்கு எங்கே போவது?’ 1961இல் இந்தியப் பிள்ளைகளுக்கென்று டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் தனிக் கல்லூரி வைத்தார்கள். அன்று தடுத்தது நிறம். இன்று காசு. 2018 முதல் அதற்கும் வழி இருக்கிறது: குடும்ப வருமானம் வருஷத்துக்கு 350,000 ரேண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் பணம் தரும், கடனாக அல்ல.

ஆனால் காசுக்கு முன்னாலேயே ஒரு கதவு மூடிவிடுகிறது. பத்தாம் வகுப்பில் எடுக்கும் கணக்கு.

கணக்கில் இரண்டு பாடம்: முழுக் கணிதமான மேத்ஸ் ஒன்று, அன்றாடக் கணக்கான மேத்ஸ் லிட், அதாவது மேத்தமேட்டிக்கல் லிட்டரசி, ஒன்று. லிட்டில் வட்டி, வீட்டுச் செலவு, வரைபடம் பார்ப்பது, அப்படி. வாழ்க்கைக்கு உதவும், குறை சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் வரும் மேட்ரிக் சான்றிதழில் இரண்டுக்கும் 1 முதல் 7 வரை ஒரே அளவுகோல். 80ம் அதற்கு மேலும் என்றால் 7. 60களில் வாங்கினால் 5. லிட்டில் 85 வாங்கிய பிள்ளைக்கு 7, வீட்டில் பாயசம். இன்ஜினியரிங் வாசலில் அந்த 7 செல்லாது! மேத்ஸில் 65 வாங்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளை, வெறும் 5 வைத்துக்கொண்டு, விண்ணப்பமாவது போடலாம்.

ஏன் இப்படி? பள்ளிக்குத் தேர்ச்சி விழுக்காடு முக்கியம். ஒன்பதில் 40 வாங்கித் தடுமாறுகிறவனை லிட்டுக்குத் தள்ளிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. சில பள்ளிகளில் மேத்ஸ் வகுப்பே கிடையாது. அங்கே பிள்ளை தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

பெற்றோருக்குச் சொல்கிறேன்: ஒன்பதாம் வகுப்பில், பத்தாம் வகுப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வீட்டுக்கு வரும்போது, கையெழுத்துப் போடுமுன் பிள்ளை என்ன படிக்க நினைக்கிறது என்று கேளுங்கள். நினைக்கும் படிப்புக்கு எந்தக் கணக்கு, எத்தனை மார்க் என்று பல்கலைக்கழகக் கையேட்டில் பாருங்கள். மாற்றுவதானால் பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலேயே மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் விட்டுப்போன அல்ஜீப்ராவை யார் சொல்லித்தருவது?

நேரம் முடியப்போகிறது என்று சைகை வருகிறது. 350,000ஐக் கொஞ்சம் தாண்டிய குடும்பங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வந்தேன், முடியவில்லை. ஒன்று மட்டும்: அப்பாவுக்கு வேலை போன பிறகும் என்எஸ்ஃபாஸ் பழைய சம்பளத்தைப் பார்த்து மறுத்தால், சும்மா இருந்துவிடாதீர்கள். வேலைநீக்கக் கடிதத்தை இணைத்து உடனே மேல்முறையீடு போடுங்கள், கெடுத் தேதி தாண்டுமுன். வணக்கம்.