தனுஷ்கோடியின் நினைவைக் காப்பது ஊர் வரலாறே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய கடலோர ஊர்களின் நினைவைக் காப்பவை பேய்க்கதைகளா, ஊர் வரலாறா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர் பேய்க்கதைகளின் பக்கம் நின்று தனுஷ்கோடியைப் பற்றி மூன்று கதைகள் சொன்னார். அமாவாசை இருட்டில் ரயிலைக் கடல் விழுங்கியதாம், இன்றும் நடுநிசியில் அதன் விசில் கேட்கிறதாம். இடிந்த தேவாலயத்தில் வெள்ளைச் சேலை கட்டிய பெண் நிற்கிறாளாம். பொழுது சாய்ந்தால் அங்கே மனுஷர் தங்க முடியாதாம், அதனால்தான் காவல்துறையே எல்லாரையும் திருப்பி அனுப்புகிறதாம். இந்தக் கதைகள் இல்லை என்றால் அந்த ஊரை இன்று யார் நினைப்பார்கள் என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.

நடுவர் அவர்களே, நான் வேறு ஊருக்குப் போகவில்லை. அதே தனுஷ்கோடியிலேயே நின்று பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த அமாவாசை. 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு. அந்த மாதம் 19ஆம் தேதி பௌர்ணமி, முழுச் சந்திர கிரகணமும் அன்றுதான். ஆக, ரயில் போன இரவு பௌர்ணமி கழிந்து மூன்றே நாள். நடுநிசியில் நிலா நன்றாக மேலே ஏறியிருக்க வேண்டிய நேரம். அது தெரியாதபடி இருட்டியது என்றால் மேகம் அவ்வளவு கனமாக இருந்தது என்று பொருள். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் தெரிகிற விஷயம் இது. கதை ஏன் அதைப் புரட்டவில்லை? பேய்க்கு அமாவாசை வேண்டும், அதனால் தேதியே மாறிப்போகிறது. மாறிய தேதியை வைத்துக்கொண்டு எந்த நினைவைக் காப்பது?

இப்போது பதிவு சொல்வதைக் கேளுங்கள். டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழ்வு நிலை. 19ஆம் தேதிக்குள் அது கடும் புயல். நாளுக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய நேர் மேற்காக வந்தது. 22ஆம் தேதி இலங்கையில் வவுனியாவைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியை அடித்தது. காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. இரவு 11.55 மணிக்கு 653ஆம் எண் பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர் பாம்பனை விட்டுப் புறப்பட்டது. உள்ளே பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர் 5 பேர். ஸ்டேஷனுக்குச் சில நூறு கஜம் இருக்கும்போது கடல் அதை மூடியது. ஒருவரும் பிழைக்கவில்லை. தந்தி, தொலைபேசி எல்லாம் அறுந்து கிடந்ததால், மண்டபம் என்ற ஊரிலிருந்த கடல்துறைக் கண்காணிப்பாளர் தந்த தகவலை வைத்து ரயில்வே தலைமையகம் செய்தி வெளியிட்டது 25ஆம் தேதிதான். அந்தப் புயலில் இறந்தவர்கள் மொத்தம் சுமார் 1,800 பேர் என்று மதிப்பிட்டார்கள்.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். கைகாட்டி விளக்கு அணைந்துவிட்டதாம், டிரைவர் நீளமாக விசில் ஊதிவிட்டுத் துணிந்து வண்டியை விட்டாராம். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் இருந்த அத்தனை பேரும் போய்விட்டார்கள். டிரைவர் என்ன நினைத்தார், எதற்குத் துணிந்தார் என்று யார் வந்து சொன்னது? இப்படி ஒரு வரி கதைக்குள் நுழைந்தால், அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. பாம்பனில் அந்த வண்டிக்குக் கொடி காட்டியபோது வானிலை எச்சரிக்கை அங்கே வந்திருந்ததா? வந்திருந்தால் யார் கையில் இருந்தது? டிரைவரின் துணிச்சலைப் பாடும் கதை, வண்டியை அனுப்பியவரைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. என் அணியின் முதல் குற்றச்சாட்டு இதுதான்.

கடல் ஏன் அப்படி ஏறியது? பேய்க்கதையில் கடலுக்குக் கோபம். காரணத்தைத் தேடிப் பார்த்தால் அது கணக்கு. தனுஷ்கோடி இரண்டு கடல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கத்துக் கடலை ஊர்மக்கள் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். பெண் கடல் அமைதியானது, ஆழம் குறைந்தது. பெரும்பகுதி பத்துப் பதின்மூன்று மீட்டருக்குள் அடங்கிவிடும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயரும். அதனால் ஏறுவது அரை மீட்டர் அளவுதான். மிச்சத்தைச் செய்வது காற்று. ஆழக் கடலில் காற்று தள்ளும் தண்ணீர் அடியில் திரும்பி ஓடிவிடும். ஆழமில்லாத கடலில் திரும்பி ஓட இடமில்லை, கரை மேல் குவியும். ஏழு மீட்டர் உயரம் வந்ததாகச் சொல்லப்படும் தண்ணீருக்கு இந்த ஆழமின்மை ஒரு முக்கியக் காரணம். அமைதியான கடல் என்று நம்பி அதன் ஓரம் குடியிருக்கும் எந்த ஊருக்கும் இது தெரிந்திருக்க வேண்டாமா? வெள்ளைச் சேலைக்காரி இதைச் சொல்லித் தர மாட்டாள்.

எதிரணியின் அடுத்த வாதம் எனக்குத் தெரியும். "பேய்க்கதை என்பது பாட்டிமார் நினைவு. அதைத் தள்ளினால் ஊர்க்காரர் குரலையே தள்ளுகிறீர்கள்" என்பார்கள். இல்லவே இல்லை. ஊர்க்காரர் நினைவு எங்கள் அணியின் சொத்து. அரசுப் பதிவிலும் ஓட்டை உண்டு. 110 என்பது கணக்கில் வந்தவர்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் அதிகம் இருக்கும் என்று அன்றிலிருந்தே சொல்லி வருகிறார்கள். அந்த ஓட்டையை அடைக்க ஊர்க்காரர் நினைவுதான் வேண்டும். அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வயதான ஒருவரிடம் போய், "தாத்தா, ராத்திரியில் விசில் சத்தம் கேட்குமாமே?" என்று கேட்டால், வந்தவர் மனம் கோணாமல் "கேட்கும்" என்றுதான் சொல்வார். கேள்வியிலேயே விடையைக் கொண்டுபோய் வைத்தாயிற்று, அந்தப் பேட்டி கெட்டது. மணி என்ன என்று கேட்பதும் வீண், அன்று எத்தனை பேர் கையில் கடிகாரம் இருந்தது? எங்கே படுத்திருந்தீர்கள், தண்ணீர் ஆண் கடலில் இருந்து வந்ததா பெண் கடலில் இருந்து வந்ததா, முதலில் எந்தக் காற்று, அப்புறம் எந்தக் காற்று என்று கேளுங்கள். கடல் தொழில் செய்தவர் எதை மறந்தாலும் காற்றை மறக்க மாட்டார். முதலில் வடக்கிலிருந்து வீசும் வாடை, பிறகு கிழக்கிலிருந்து வீசும் கொண்டல், கடைசியில் தெற்கிலிருந்து வீசும் சோழகம் என்று அவர் சொன்னால், புயலின் நடுப்பகுதி அவர் இருந்த இடத்துக்குத் தெற்கே போயிருக்கிறது. வாடை, மேற்கிலிருந்து வீசும் கச்சான், சோழகம் என்றால் வடக்கே போயிருக்கிறது. வாடை அடித்து, சட்டென்று அடங்கி, எதிர்ப்பக்கமிருந்து சோழகம் கிளம்பியது என்றால் புயலின் கண்ணே அவர் தலைக்கு மேல் கடந்திருக்கிறது. வங்கக் கடலில் மேற்கு நோக்கி வரும் புயலின் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால் இது பிசகாது. ஒரு பெரியவரின் மூன்று சொல், வானிலைத் துறைக் கோப்போடு உட்கார்ந்து பேசுகிறது, நடுவர் அவர்களே. இதை விடவா ஒரு பாட்டிக்கு மரியாதை செய்ய முடியும்?

அந்தத் தேவாலயத்துக்கு வருவோம். வெள்ளைச் சேலையைத் தேடுகிறவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை. கிட்டப் போய்ப் பாருங்கள். செங்கல் அல்ல, முருகைக்கல். கடலடியில் இருந்து பெயர்த்து, சதுரமாகச் செதுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய பவளப் பாறை. கல்லின் முகத்தில் சிறு சிறு வட்டக் குழிகள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு பவள உயிர் குடியிருந்த அறை. மன்னார் வளைகுடா 1986இல் தேசியப் பூங்காவானது, 2001இல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பும் கிடைத்தது. அந்தக் கல்லை இனி எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. விழுகிற ஒவ்வொரு கல்லும் திரும்பாத கல்.

அது ஏன் விழுகிறது? உப்புக் காற்றும் மழையும் கல்லின் துளைகளுக்குள் உப்பு நீரை ஏற்றுகின்றன. வெயிலில் நீர் ஆவியாகி உப்பு படிகமாக வளர்கிறது, உள்ளிருந்தே கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரிக்கிறது. நல்ல மனதோடு யாராவது சிமென்ட் பூசினால் கேடு இரட்டிப்பாகும். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து, பூச்சு விழும்போது கல்லின் தோலையும் கொண்டுபோகும். சுண்ணாம்புப் பூச்சுதான் மூச்சு விடும். ஆண்டுக்கு ஒரு தடவை, அதே இடத்தில் நின்று, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தால் எந்தச் சுவர் எவ்வளவு கரைகிறது என்று தெரிந்துவிடும். பேய் வீடு என்று பெயர் வாங்கிய சுவரை எவரும் இப்படி அளப்பதில்லை. ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், ஒரு கல்லைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

மூன்றாவது கதை என்னை உண்மையிலேயே வருத்துகிறது. அங்கே மனுஷர் தங்க முடியாதாம்! புயலுக்குப் பின் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது உண்மை. ஆனால் மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே ஓலைக் குடிசைகளில் இருக்கிறார்கள். கரைவலை இழுக்கிறார்கள், கருவாடு காயப்போடுகிறார்கள், பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மாலையில் பார்வையாளர்களைத் திருப்பி அனுப்புவது, இருபுறமும் கடல் உள்ள குறுகிய மணல் திட்டு, இழுப்பு நீரோட்டம், முப்பது கிலோமீட்டருக்குள் இன்னொரு நாட்டின் கரை என்பதால். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை திறந்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு "ஆளில்லாத ஊர்" என்று சொல்லிக் கொடுத்தால், உயிரோடு இருக்கிற மக்களை நாமே பேயாக்கிவிடுகிறோம்.

அவர்கள் எதைக் குடித்து வாழ்கிறார்கள் என்பதைப் பேய்க்கதை கேட்டதுண்டா? கடலிலிருந்து சில அடி தள்ளி மணலைக் கையால் தோண்டுகிறார்கள். மூன்று நான்கு அடியில் ஊற்று, நல்ல தண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் பாலில் ஆடை படிவது போல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் கீழே நாற்பது அடி வரை இறங்கி நிற்கும் என்பது பொது விதி. அந்தக் குறுகிய திட்டில் அவ்வளவு தேறாது, படலம் மெல்லியது. அதனால்தான் ஆழமாகத் தோண்டக் கூடாது. கொட்டாங்குச்சியால் மெதுவாக மொள்ள வேண்டும், ஊறவிட்டு மறுபடி மொள்ள வேண்டும். அவசரப்பட்டு மோட்டார் வைத்து இழுத்தால் கீழிருந்து உப்பு நீர் மேலேறிவிடும், அந்த ஊற்று போய்விடும். இந்தக் கைப்பக்குவம் நினைவு இல்லையா? இதைக் காப்பாற்றுவது வரலாறு இல்லையா?

ரயில் என்றால் அந்த ஒரு ராத்திரி மட்டும்தானா? 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ஐம்பது வருஷம் அது ஒரு துறைமுக ஊர். சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்புக்குப் போனார். இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் ஓடின. சுங்கச் சாவடி, தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களும் அந்த மணலை மிதித்துத்தான் கடல் கடந்தார்கள். பேய்க்கதையில் இவர்களில் யார் இருக்கிறார்கள்? ஐம்பது ஆண்டு வாழ்ந்த ஊரை ஒரு ராத்திரியாகச் சுருக்கி, அந்த ராத்திரியையும் ஒரு விசிலாகச் சுருக்கிவிட்டு, நினைவைக் காத்தோம் என்கிறார்கள்.

எனக்குப் பின்னால் எதிரணியிலிருந்து ஒருவர் பேச வருவார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். 653ஆம் எண் வண்டி அன்று இரவு 11.55க்கு ஏன் பாம்பனை விட்டுக் கிளம்பியது? உங்கள் கதைகளில் எதில் இதற்குப் பதில் இருக்கிறதோ, அந்தக் கதையை இந்த மேடையில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.