ஆசானின் சட்டியும் ஆய்வுக்கூடக் குடுவையும்

நேயர்களுக்கு வணக்கம். மருந்துவாழ் மலை, அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது நம் குமரி மாவட்டத்தில் குழந்தைகளும் அறிந்த கதை. கதையைச் சோதிப்பது வேதியியல் கற்பிக்கும் என் வேலையன்று. மலையடிவாரப் புதர்களில் படரும் சிறுகுறிஞ்சானைப் பற்றிச் சொல்லவே வந்திருக்கிறேன்.

அதன் இலையொன்றை நன்றாக மென்று துப்பிவிட்டு, ஒரு துண்டு கருப்பட்டியை வாயிலிடுங்கள். கருப்பட்டி பல்லில் நெருடும், கரையும், ஆனால் இனிக்காது. மண்கட்டியைத் தின்பது போலிருக்கும். சர்க்கரைக்கொல்லி என்று பெயர் வந்ததில் வியப்பில்லை. இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள், நாவில் இனிப்பை உணரும் ஏற்பிகளைச் சிறிது நேரம் அடைத்துவிடுகின்றன. இவை, நீரில் நுரைக்கும் சப்போனின் என்னும் தாவரப் பொருள் வகையைச் சேர்ந்தவை ஆதலால், இலையைக் கொதிக்கவைத்து வடித்த நீரைச் சோதனைக் குழாயில் ஊற்றிக் குலுக்கினால், சோப்பு நுரை போல எழுந்து வெகுநேரம் அடங்காது.

நுரை, சப்போனின் உண்டு என்று மட்டுமே சொல்லும். எத்தனை வகை என்றறிய, சிலிக்கா பூசிய தகட்டில் சாற்றைப் பொட்டு வைத்து, கரைப்பானில் நிறுத்தி, கலந்திருக்கும் பொருள்களைத் தனித்தனியே பிரிக்கும் வண்ணப்பிரிகை செய்கிறோம். இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். ஆய்வுக்கூடத்தில் நாம் இலையை மெத்தனால், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் ஊறவைக்கிறோம். நாட்டு வைத்தியரான ஆசானோ மண்சட்டியில் தண்ணீர் விட்டு, எட்டில் ஒன்றாய்க் குறுக்கிக் கஷாயமாகக் கொடுக்கிறார். நிலவேம்பின் கசப்புக்குரிய ஆண்ட்ரோகிராபோலைடு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், மெத்தனாலில் எளிதாகக் கரையும் என்பதால், குடுவையில் கிடைத்த அளவை நோயாளி குடித்த அளவென்று எழுதிவிட முடியாது.

ஒருமுறை நான் வெயிலில் உலர்த்திய இலைகளைப் பார்த்த ஆசான் ஒருவர், "நெழல்ல காயாத எலை மருந்தாவாது, சாரே" என்றார். மணமுள்ள இலைகளின் எண்ணெய் வெப்பத்தில் ஆவியாகிவிடும் என்று நான் வகுப்பில் நடத்தும் பாடத்தைத்தான் அவர் ஒரே வரியில் சொன்னார்.

இத்தகைய பட்டறிவிலிருந்து மருந்து பிறந்ததும் உண்டு. 1987-இல் அகத்தியமலைப் பகுதியில் களைத்துப்போன ஆய்வாளர்களுக்குக் காணிப் பழங்குடி மக்கள் தின்னக் கொடுத்த ஆரோக்கியப்பச்சைச் செடியின் கனிதான், அச்செடியின் இலையிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்து பிறக்க வழிகாட்டியது; அதன் உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேளாமல் சிறுகுறிஞ்சான் பொடியைச் சேர்க்க வேண்டாம். இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். கருப்பட்டிச் சோதனையை மட்டும் வீட்டில் செய்து பார்க்கலாம், மற்றவர்கள்.